விஜயதசமிக்குப் புது கம்பைலர்

அக். 10, திங்கள்

காலையிலிருந்து தூறல். மலை பாதிக்கு மேல் காணோம். குழந்தை கயலின் துணி ஒன்றுகூடக் காயவில்லை. கரண்ட் வந்ததும் இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்தே காய வைத்தது. அறை முழுக்க ஈர வாடை. லேசாகத் தீய்ந்த வாடையும்.

இன்ஸ்டிடியூட்டுக்கு மெட்ராஸிலிருந்து பஸ் பார்சல். கம்பைலர், புது வெர்ஷன். ஒரு ஃப்ளாப்பி, கூடவே சைக்ளோஸ்டைல் செய்த சில தாள்கள். மசி கையில் ஒட்டியது.

சாருக்குக் கால் தரையில் இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்துகிறவர்களில் கம்ப்யூட்டர் வாங்கிப் போட்ட ஒரே ஆள் என்று தெருவில் பேர்.

"பாத்தியா விஜயா, புதுசு வந்துடுச்சி. இனிமே பாதியில நிக்கறதெல்லாம் கெடையாது."

பாதியில் நிற்பது காலாண்டுப் பரீட்சை ரேங்க் லிஸ்ட். நான் எழுதிய புரோகிராம். போன வருஷம் ஒழுங்காக ஓடியது. இந்த வருஷம் பள்ளிகள் கூடிவிட்டன, பிள்ளைகள் ஜாஸ்தி. பழைய கம்பைலரில் போட்டால் பாதி லிஸ்டில் 'மெமரி போதாது' என்று நின்றுவிடுகிறது. புதியதில் அந்தத் தொல்லை இல்லையாம். 22 சனிக்கிழமை ஹெட்மாஸ்டர்கள் கூட்டம். அதற்குள் லிஸ்ட் கொடுக்காவிட்டால் வேலூர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போய்விடுவார்கள்.

சார் ஒளிக்கவில்லை. "இந்த ஆர்டர் போச்சின்னா மெஷினை வித்துடுவேன்மா. உனக்கு வேலை போவாது. பழையபடி டைப் கிளாஸ் பாத்துக்கலாம்."

வேலை போகாது. ஏ எஸ் டி எஃப், செமிகோலன் எல் கே ஜே. மேத்ஸ் பி.எஸ்ஸி., கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸ் ஹாஸ்டலில் தங்கிப் படித்த கம்ப்யூட்டர் கோர்ஸ், எல்லாம் அதோடு சரி.

சாயங்காலம் கயலை எடுக்கப் போனேன். பக்கத்து வீட்டு ஜமீலா அக்காதான் பகலில் வைத்துக்கொள்கிறார். தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து துண்டுத் துணியை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா விஜி, மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"கம்பைலர்னு ஒண்ணு வந்திருக்குக்கா. நான் எழுதறதை மெஷினுக்குப் புரியற மாதிரி மாத்திக் குடுக்கும். புதுசு."

"துபாஷி மாதிரியா?"

"அப்படித்தான்."

"சரி, பழைய துபாஷி இன்னா தப்பு பண்ணாரு?"

"தப்பு இல்லக்கா. ரொம்ப நேரம் பேசினா மறந்துடறாரு."

"எங்க மாமனாரும் அப்படித்தான். அதுக்குன்னு வேற ஆளா வாங்கிட்டு வந்தோம்?"

சிரித்தேன். இன்று சிரித்தது அது ஒன்றுதான்.

வாங்க: ஊக்கு, துவைக்கிற சோப்பு, இவர் சட்டைக்கு வெள்ளைப் பட்டன்.

அக். 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

மதியம் டைப் கிளாஸ் இல்லாத நேரம் புதியதைப் போட்டுப் பார்த்தது. கறுப்புத் திரையில் ஏ என்ற எழுத்து, பக்கத்தில் சிமிட்டும் கோடு. வழக்கமாக அடிக்கிற அதே வார்த்தைகளை அடித்தேன். என் புரோகிராம். ஓடி ஓடித் தேய்ந்த புரோகிராம். திரை முழுக்க எரர். மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது, நிற்கவில்லை. காகிதத்தில் எடுத்தேன். மடித்தால் ஒரு வார இதழ் கனம்.

சைக்ளோஸ்டைல் தாளில் காரணம் இருந்தது. பழையதில் ஒரு பெயரைச் சொல்லாமலே பயன்படுத்தினால் அதுவே ஊகித்துக்கொள்ளும். புதியதற்கு எல்லாவற்றையும் மேலேயே சொல்லிவிட வேண்டும். எது எண், எது எழுத்து, எவ்வளவு இடம். பழையது கட்டிய கணவர் மாதிரி, பாதி சொன்னால் போதும். (இல்லை. இவருக்கு முழுதாகச் சொன்னாலும் பாதிதான் புரிகிறது.) புதியது பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி.

சார் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இவ்ளோ வருது? ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல சார். நான் எழுதினது அதுக்குப் பத்தல."

"நேத்து வரைக்கும் பத்திச்சே."

பழைய ஃப்ளாப்பியை எடுத்துப் போட்டேன். உடனே சமாதானமாக ஓடியது. பாதி லிஸ்ட் வரை. கேட்க எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

கயலுக்கு லேசாக இருமல். விக்ஸ் தடவி, காதை மூடிக் கட்டினேன்.

அக். 13, வியாழன்

க.வுக்கு இழுப்பு. விலாவில் குழி விழுகிறது. குட்டிப் பூனை மூச்சு மாதிரிச் சத்தம். அரை நாள் லீவு சொல்லி டாக்டரிடம். டோக்கன், பெஞ்சு, எதிரே ஒரு குழந்தை வாந்தி.

வழக்கமான சிரப் எழுதவில்லை.

"அது இப்ப வர்றதில்லம்மா. கம்பெனியே நிறுத்திட்டான். இது புதுசு, இன்னும் நல்லா கேக்கும்."

"அதுவே நல்லா கேட்டுச்சே டாக்டர்."

"அதுக்கு நான் இன்னாம்மா பண்றது."

மருந்துக் கடை, அடுத்த கடை, தேரடி வரை நடந்து பழைய சிரப் கேட்டேன். எங்கும் இல்லை. புதியதைக் கால் பாலாடை கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தூங்கினாள். தூங்குகிறாளா, மயக்கமா என்று காலைக் கிள்ளி எழுப்பி, அவள் அழ, இவர் செங்கத்திலிருந்து வந்து நுழைய.

இவருக்குச் செங்கம் ஹைஸ்கூல். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார். சட்டை கசங்கி, சாக்பீஸ் தூள் இன்னும் விரலில்.

"ஏன் அழறா?"

"நான்தான் கிள்ளினேன்."

கை கழுவிவிட்டு வந்து அவளைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, மெதுவாகத்தான்: "ரெண்டு வருஷம் வேலையை விட்டுடேன் விஜி. உன்னாலயும் முடியல, இவளாலயும் முடியல. அப்பறம் போனா வேணாம்னா சொல்லப் போறாங்க?"

வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். மெஷின் இருக்காது, அவ்வளவுதான். இருந்தாலும் இரண்டு வருஷத்தில் வெர்ஷன் எத்தனை தாண்டிப் போயிருக்கும். நான் பழைய சிரப் ஆகியிருப்பேன். இதையெல்லாம் சொல்லவில்லை. சாம்பார் சூடு பண்ணினேன்.

இந்தச் சனிக்கிழமைக்குள் நான் ஒரு வழி பண்ணாவிட்டால் கம்பைலர் அனுப்பிய மெட்ராஸ் ஆளை வரவழைப்பதாக சார் சொல்லியிருக்கிறார். வந்தால் புரோகிராம் எல்லாம் அவர் கையில். அதன் பிறகு எனக்கு மார்க் டைப் அடிக்கிற வேலை.

அக். 16, ஞாயிறு

துணி. தலைக்கு எண்ணெய். இட்லி மாவு. க. பரவாயில்லை, இரவில் மட்டும் இருமல்.

நேற்று சாரிடம் சொன்னேன்: மெட்ராஸ் ஆள் வேண்டாம், நானே பார்க்கிறேன். "நிச்சயமா?" என்றார். நிச்சயம் என்றேன். பொய் என்று அப்போது தோன்றியது.

இன்று எரர் காகிதத்தைத் தரையில் விரித்து, புரோகிராம் தாளைப் பக்கத்தில் வைத்து, பென்சிலால் வரிவரியாகத் திருத்தியது. அடுப்பில் பருப்பு. க. தாள் மேல் தவழ்ந்து ஒரு மூலையைத் தின்றாள். பிடுங்கினேன். தின்ற இடத்தில் என்ன இருந்தது என்று யோசித்து எழுதினேன்.

ஒரு விஷயம் பிடிபட்டது. திரையில் வருகிற எரர் எல்லாம் தனித்தனி இல்லை. மேலே ஒரு பெயரைச் சொல்லாமல் விட்டால் கீழே அது வருகிற இடமெல்லாம் கத்துகிறது. ஒன்றைச் சரி பண்ணினால் ஒரு கூட்டமே அடங்கும். பிள்ளை அழுகிறபோதும் அப்படித்தான், ஒரு காரணம், பத்துச் சத்தம். எந்தக் காரணம் என்று தெரிகிற வரைதான் பாடு.

இவர் பேப்பர் படிக்கிற மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது முடிஞ்சா முடிஞ்சிடுமா?" என்றார்.

"முடிஞ்சிடும்."

அக். 17, திங்கள்

நல்ல நாள். திருத்தியதை எல்லாம் ஏற்றினேன். எரர் ஒரு திரைக்குள் அடங்கிவிட்டது. சாயங்காலம் இன்னும் கம்மி.

கவலை ஒன்று. எங்கள் மெஷினுக்குத் தன் வயிற்றில் எதுவும் நிற்காது, எல்லாமே ஃப்ளாப்பியில்தான். திருத்திய புரோகிராமைச் சேமிக்க வெற்று ஃப்ளாப்பி இல்லை. வேறு வழியில்லாமல் கம்பைலர் இருக்கிற அந்தப் புது ஃப்ளாப்பியிலேயே எழுதி வைத்தேன். ஒரே கூடையில் எல்லா முட்டையும் வைத்த பயம். சாரிடம் ஒரு பெட்டி வெற்று ஃப்ளாப்பி கேட்டேன்.

"வேலூர்லதாம்மா கெடைக்கும். ஆயுத பூஜை கழிச்சி வாங்கிக்கலாம். யார் தூக்கிட்டுப் போவப் போறாங்க?"

சரளா (மார்க் டைப் அடிக்கிற பெண்) வேலை முடிந்து மார்க் ஃப்ளாப்பியை இரண்டாவது டிரைவிலேயே விட்டுவிட்டுப் போகிறாள். நாளை திட்ட வேண்டும்.

அக். 18, செவ்வாய்

நாளை ஆயுத பூஜை. இன்ஸ்டிடியூட் கழுவல். டைப்ரைட்டர் எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து வரிசையாக வைத்தாயிற்று. கடைத்தெருவில் நிற்க இடமில்லை. பொரி மூட்டை, பூசணி, வாழைக்கன்று, காலுக்குள் சைக்கிள்.

கடைசி எரரும் போயிற்று என்று நினைக்கிறேன். முழு லிஸ்ட் ஓட்டிப் பார்க்க நேரமில்லை, சார் மெஷினை அணைக்கச் சொல்லிவிட்டார். அவர் கணக்கு: வியாழன் விஜயதசமி, நல்ல நேரத்தில் புது வெர்ஷனைத் தொடங்குவது. கூட்டத்தை நடத்துகிற ஹெட்மாஸ்டரையும் அழைத்திருக்கிறார்.

"அவங்கவங்க சாமானை சாமி முன்னாடி வெச்சிட்டுப் போங்கம்மா," என்று சாரின் மனைவி மாலதி அக்கா. பெண்கள் ரிப்பன், ஷார்ட்ஹேண்ட் பென்சில் என்று வைத்தார்கள்.

"எனக்கு மெஷினே இருக்குதேக்கா. அதுக்கு ஒரு பொட்டு வெச்சா போதும்."

"எல்லாரும் வெக்கறாங்க, நீ மட்டும் எப்படி."

"ஃப்ளாப்பி வேணாங்க்கா. அது தூசி பட்டாலே போயிடும்."

"சரி சரி," என்றார். இரண்டு ஃப்ளாப்பியையும் மேஜை டிராயரில் வைத்துச் சாத்தினேன். சாவி போடவில்லை. அந்த டிராயருக்குச் சாவியே கிடையாது.

அக். 19, புதன்

பூஜைக்குப் போகவில்லை. விடியலில் க.வுக்கு மறுபடி இழுப்பு. டாக்டர் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினோம். ஊசி. மத்தியானத்துக்கு மேல் மூச்சு அடங்கியது. புது சிரப்பைத் தொடர்ந்து கொடுங்கள், நடுவில் நிறுத்தினீர்களா என்று கேட்டார். நிறுத்தியிருந்தேன். முந்தாநாளிலிருந்து. நன்றாக இருக்கிறாளே என்று.

ஜ. அக்கா ரசம் சாதம் கொண்டுவந்து கொடுத்தார். மாலதி அக்கா பொரி, சுண்டல், வாழைப்பழம் அனுப்பியிருந்தார். தொடவில்லை. தூங்கினேன், உட்கார்ந்தபடியே.

அக். 20, வியாழன். விஜயதசமி

எழுத முடிகிற வரை எழுதுகிறேன்.

இவர் லீவு, க. அவரிடம். தெருவெல்லாம் உடைத்த பூசணி, குங்குமம் கலந்த சேறு. வழுக்கி விழப் பார்த்தேன். இன்ஸ்டிடியூட்டில் சாம்பிராணி, மாவிலை. மானிட்டர் நெற்றியில் பெரிய சந்தனப் பொட்டு. அது பரவாயில்லை. ஹெட்மாஸ்டர் வந்து காபி குடித்துக்கொண்டிருந்தார்.

சாமி படத்தின் முன்னால் ரிப்பன்களுக்கு நடுவே இரண்டு ஃப்ளாப்பி. பழைய கம்பைலர், புது கம்பைலர். காகிதக் கவரிலிருந்து எடுத்து அழகாகப் பக்கத்தில் பக்கத்தில். கறுப்பு உறையில் நீள்வட்டமாக ஒரு திறப்பு இருக்கும், உள்ளே பழுப்பு நிற ஃபிலிம் தெரியும், விரல் படக்கூடாத இடம். சரியாக அதன் மேல் சந்தனம், அதன் நடுவில் குங்குமம். காய்ந்து வெடித்திருந்தது.

"உன்னுது மட்டும் விட்டுப்போச்சேன்னு மனசு கேக்கல," என்றார் மாலதி அக்கா. "உனக்கும் புள்ளைக்கு ஒடம்பு சரியில்லன்னு சேதி வந்துச்சா. சாமி கிட்ட வெச்சா நல்லதுன்னு."

"ஏங்க்கா அந்த எடத்துல வெச்சீங்க?"

"அங்கதாம்மா நெத்தி மாதிரி இருந்துச்சி."

அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட முடியாது.

சார் கடிகாரத்தைப் பார்த்தார். "நேரம் ஆவுது. போடும்மா."

"போட முடியாது சார்."

"தொடைச்சிட்டுப் போடு."

"தொடைச்சா கீறும். அப்படியே போட்டா டிரைவ்ல படிக்கிற எடத்துல ஒட்டிக்கும். அப்பறம் எந்த ஃப்ளாப்பியைப் போட்டாலும் படிக்காது. மெஷினே நின்னுடும்."

"பூஜை போட்ட சாமானை மொதல்ல ஓட்டணும்மா. ஐதீகம். சும்மா ஒரு தடவை உள்ள தள்ளி எடு."

கையை நீட்டினார். ஃப்ளாப்பியைக் கொடுக்கவில்லை. புடவைத் தலைப்புக்குள் பிடித்துக்கொண்டேன். இவ்வளவு பேர் முன்னால் சாரிடம் இல்லை என்று சொன்னது முதல் தடவை.

ஹெட்மாஸ்டர் டபராவைக் கீழே வைத்தார். "அப்போ லிஸ்ட்டு?"

"சனிக்கிழமை வரும் சார்."

"மெட்ராஸ் ஆளுக்குப் போன் போடறேன்," என்றார் சார். முகம் சிவந்துவிட்டது. வெளியே போய்விட்டார், ஹெட்மாஸ்டரும் பின்னால். மாலதி அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். டைப் கிளாஸ் பெண்கள் விஜயதசமிக்காக ஆளுக்கு ஒரு வரி அடித்துவிட்டு ஓடிவிட்டார்கள்.

தனியாக உட்கார்ந்து யோசித்தது. உள்ளே இருப்பது மெல்லிய ஃபிலிம், அவ்வளவுதான். தண்ணீரில் கரையுமா? கரையாது. சந்தனம் கரையும். தேய்க்காமல் கழுவி, உலர்த்தி, வேறு சுத்தமான உறைக்குள் போட்டால்? உறை வேண்டும். மெஷினோடு வந்த டெமோ ஃப்ளாப்பி இரண்டு, மானுவல் பெட்டியில் கிடந்ததால் யாருக்கும் (எனக்கும்தான்) நினைவில்லாமல் தப்பித்திருந்தன. ஒன்றை அறுத்து உறைக்கு வைத்துக்கொள்ளலாம். இன்னொன்றில் காப்பி எடுக்கலாம்.

செய்து பார்த்ததில்லை, செய்தவர்களைப் பார்த்ததும் இல்லை. ஒன்றை வைத்துப் பழகிவிட்டுத்தான் இன்னொன்றைத் தொட வேண்டும். எதை வைத்துப் பழகுவது? டெமோ ஃபிலிமில் சந்தனம் இல்லை, காய்ந்தது எப்படிப் பிரியும் என்று அது சொல்லாது.

இதற்குத்தான் ரொம்ப நேரம் ஆயிற்று. பழையது மூன்று வருஷமாக என்னோடு. புரோகிராம் எழுதப் பழகியதே அதில். வயிற்றில் க. இருக்கும்போது கால் வீங்கி உட்கார்ந்து லிஸ்ட் போட்டது அதில். இனி புதியதில் ஏதாவது தகராறு வந்தால் திரும்பிப் போக இடம் அது ஒன்றுதான். ஆனால் பாதியில் நிற்கும் என்று தெரிந்த இடத்துக்குத் திரும்பிப் போய் என்ன செய்வேன்.

பழையதை எடுத்தேன். பிளேடால் உறையின் ஓரத்தைக் கீறி ஃபிலிமை உருவினேன். க.வுக்காக ஆற வைத்து எடுத்துப் போகிற வெந்நீர் பிளாஸ்க் பழக்கத்தில் பையில் வந்திருந்தது. எவர்சில்வர் தட்டில் ஊற்றி அதில் மிதக்க விட்டேன். சந்தனம் கலங்கிப் பிரிந்தது. எடுக்கும்போது விரல் வழுக்கி ஒரு மடிப்பு விழுந்தது. அவ்வளவுதான், போயிற்று. வெளிச்சத்தில் பிடித்தால் மடிப்பு ஒரு கோடாக மின்னியது. நடுவில் இருக்கும் ஓட்டையில் விரலை விட்டுத் தூக்க வேண்டும், ஓரத்தைப் பிடிக்கக்கூடாது. அதைச் சொல்லிவிட்டுப் போயிற்று.

புதியதை ஓட்டையில் விரல் விட்டே தூக்கினேன். இரண்டு முறை தண்ணீர் மாற்றினேன். க.வின் பழைய வேட்டித் துணி, நூல் பிரியாதது, அதில் ஒற்றி எடுத்தேன், துடைக்கவில்லை. ஃபேனைப் போடாமல் (தூசி) காய விட்டேன். மாலதி அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பிடிச்சிக்கட்டுமா?"

"மூச்சு விடாம நில்லுங்கக்கா, போதும்."

நின்றார். நிஜமாகவே மூச்சை அடக்கிக்கொண்டு.

டெமோ உறைக்குள் போட்டு, டிரைவில் தள்ளி, கதவை மூடினேன். கரகரவென்று சத்தம். விட்டுவிடவா, மறுபடி படிக்கவா, கண்டுகொள்ளாமல் போகவா: அபார்ட், ரீட்ரை, இக்னோர் என்று கேட்டது. ரீட்ரை. மறுபடி அதே கேள்வி. ரீட்ரை. ரீட்ரை. கோடு சிமிட்டியது. கம்பைலர் வந்துவிட்டது.

ஓட்டிப் பார்க்கக்கூட இல்லை, முதலில் இரண்டாவது டெமோ மேல் காப்பி. கம்பைலர் முழுசாக ஏறியது. என் புரோகிராம் மட்டும் கடைசிப் பகுதி படிக்கவில்லை. அது போகட்டும். ஞாயிற்றுக்கிழமை பென்சிலில் திருத்திய தாள் வீட்டில் இருக்கிறது.

மாலதி அக்கா காபி கொண்டுவந்தார். குடித்தோம். சர்க்கரை போட மறந்திருந்தார், நானும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தால் இவரும் க.வும் தரையில் குறட்டை. சிரப் கொடுத்ததாகச் சீட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

அக். 21, வெள்ளி

நல்ல மழை. ஜ. அக்கா பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது, க.வை அங்கே விட முடியாது. இவருக்கு ஸ்கூல். தூக்கிக்கொண்டே போனேன். சார் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார். வெற்று ஃப்ளாப்பி ஒரு பெட்டி மேஜை மேல் இருந்தது. நேற்று மத்தியானமே பஸ்ஸில் ஆள் அனுப்பி வேலூரிலிருந்து வரவழைத்திருக்கிறார். அதுதான் அவர் பேச்சு.

க.வை மேஜைக்குப் பக்கத்தில் பாய் போட்டு விட்டேன். பக்கத்து அறையில் டைப் ஹையர் கிளாஸ் பெண்கள் மழையை விட ஜாஸ்தி சத்தமாக அடித்தார்கள். அந்தச் சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கினாள். வீட்டில் ஸ்பூன் விழுந்தால் விழிப்பாள்.

கடைசிப் பகுதியைத் தாளைப் பார்த்து அடித்தேன். கயல் தின்ற மூலையும் அதில்தான். அங்கே ஊகத்தில் எழுதியது தப்பு; அன்று திரையில் திருத்தியதைத் தாளில் ஏற்ற மறந்திருந்தேன், எரர் மறுபடி காட்டிக்கொடுத்தது. திருத்தினேன். மறுபடி அடித்தேன். காத்திருந்தேன். ஒன்றும் சொல்லாமல் கோடு சிமிட்டியது. இது வரை கேட்டதிலேயே நல்ல மௌனம்.

மார்க் ஃப்ளாப்பி டிரைவுக்குள் கிடந்ததால்தான் பூஜையில் தப்பித்தது. சரளாவைத் திட்டவில்லை.

லிஸ்ட் ஓடியது. வழக்கமாக நிற்கிற இடம் வந்தது. தாண்டிப் போய்விட்டது. பிரிண்டர் தன் பாட்டுக்கு. ஒரு வகுப்பை மட்டும் கையால் கூட்டிச் சரி பார்த்தேன். சரி.

"நின்னுச்சா?" என்று சார் வாசலிலிருந்து.

"நிக்கல சார்."

உள்ளே வந்து காகிதம் மடிந்து மடிந்து கீழே இறங்குவதைப் பார்த்தார். க. விழித்து அந்தக் காகிதத்தைப் பிடித்து இழுக்கப் போனாள். சார் குனிந்து அவளைத் தூக்கிக்கொண்டார். "ஏய், அது ஹெட்மாஸ்டருக்குடி. உனக்கு வேற தரேன்." ஓரத்தில் கிழிக்கிற ஓட்டைப் பட்டையைக் கிழித்துக் கொடுத்தார்.

அக். 22, சனி

லிஸ்ட் போய்ச் சேர்ந்தது. ஹெட்மாஸ்டர் கூட்டத்தில் நன்றாக இருக்கிறது என்றாராம், அரையாண்டும் இங்கேதானாம். சார் வந்து சொன்ன விதம்: "மெட்ராஸ் ஆளை வரவேணாம்னு சொல்லிட்டேன்."

அப்புறம், போகிற போக்கில்: "போன்ல இன்னொண்ணு சொன்னாங்க. இந்த வெர்ஷன்ல சின்ன சின்ன கோளாறு இருக்குதாம். திருத்தி வேற ஒண்ணு அனுப்பறாங்களாம். அடுத்த வாரம் வரும். வந்ததும் போட்டுடலாமா?"

பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"வந்ததும் வேணாம் சார். மொதல்ல காப்பி எடுக்கணும். இப்ப ஓடறது அப்படியே தனியா இருக்கணும். அப்பறம் ஒரு சின்ன வகுப்பை வெச்சி ஓட்டிப் பாத்துட்டுத்தான்."

"நல்ல நாள் எதாவது..."

"குழந்தைக்கு இழுப்பு இல்லாத நாள் பாத்து நான் சொல்றேன் சார்."

மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, நீ சொல்லு," என்றார்.

அக். 23, ஞாயிறு

வெயில். மலை முழுசாகத் தெரிகிறது. எல்லாத் துணியும் காய்ந்தது.

தோள்பட்டை வலி. பகல் முழுக்கத் தூக்கம் கண்ணில். க. மூச்சு சுத்தம், புது சிரப் கேட்கிறது என்றுதான் சொல்ல வேண்டும். மூக்கு மட்டும் ஒழுகல்.

மத்தியானம் சாப்பாட்டுக்குப் பின் இவரிடம் அடுத்த ஃப்ளாப்பி வரப்போவதைச் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். முடிந்துவிடும் என்று போன ஞாயிறு நான்தானே சொன்னது.

"மறுபடியுமா?"

"ஆமா."

"இதே மாதிரி எரர் எல்லாம் வருமா?"

"வரலாம். கம்மியா வரும்னு நெனைக்கறேன்."

"அதுக்கு அப்பறம்?"

"அதுக்கு அப்பறமும் ஒண்ணு வருங்க. வந்துட்டேதான் இருக்கும்."

வெற்றிலைச் சுண்ணாம்பு டப்பாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். அந்தப் பேச்சு வரப்போகிறது என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன். பின்னாலேயே கொல்லைக்கு வந்தார்.

"ஜமீலா வீட்ல அம்மை எறங்க இன்னும் நாளாவும். செவ்வா புதன் எனக்கு மொதல் ரெண்டு பீரியட் கெடையாது. லேட் பஸ்ல போறேன், பத்து மணி வரைக்கும் நான் பாத்துக்கறேன். அதுக்கு மேல நீ உங்க சார் கிட்ட பேசு, அங்கயே ஒரு மூலையில விட முடியுமான்னு."

"சரி."

"மருந்து எவ்ளோன்னு எழுதி வெச்சிட்டுப் போ. பாலாடையா ஸ்பூனான்னு எனக்குக் கொழப்பம்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார், இன்னும் ஏதோ சொல்வது போல். தட்டைக் கழுவிக்கொண்டே காத்திருந்தேன். வேலையை விடு என்பதாகத்தான் இருக்கும். வரவில்லை. ஈரக் கையோடு நான் திரும்பிப் பார்த்தபோது கொடியில் இருந்து கயலின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, காய்ந்ததா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.